பம்பாய் 17, பம்பாய் 19

2005இல் சென்னையிலிருந்து மும்பைக்கு வேலை மாறி வந்தபோது கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் பதினைந்து நாள்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் வீடு பிடிக்க வேண்டும். ஆபீஸ் லோயர் பரேலில், ஒரு பழைய மில் வளாகத்துக்குள். இந்தி எனக்கு "கித்னா" வரைக்கும்தான். எங்கே வீடு பார்க்கலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "மாட்டுங்கா. நம்ம ஊர் மாதிரியே இருக்கும்."

திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அப்பாவும் போனில் அதையேதான் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "ஏல, தாராவிப் பக்கம் மட்டும் பாத்துராத." பெரியவர்கள் பயத்தில் சொல்வதுதானே என்று அப்போது விட்டுவிட்டேன்.

மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கியதும் சொன்னது சரிதான் என்று தோன்றியது. மல்லிகைப்பூ, வாழையிலை, நம்மூர் அப்பளம், காபிப்பொடி வறுக்கும் வாசனை. ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங்கில் (1942இல் ஆரம்பித்தது) இலை போட்டுச் சாப்பாடு. கொஞ்சம் நடந்தால் 1940இலிருந்து இருக்கும் கஃபே மெட்ராஸ். நேர்நேரான தெருக்கள், இருபக்கமும் பெரிய மரங்கள், இரண்டு மூன்று மாடிக்கு மேல் போகாத பழைய கட்டடங்கள். இந்த நெரிசல் நகரத்தில் இப்படி ஒரு இடத்தை யார் யோசித்துப் போட்டார்கள் என்று அன்றே கேட்டுக்கொண்டேன். பதில் கிடைக்கச் சில வருஷங்கள் ஆயின.

பதில், எலி!

1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக் வந்தது. அதை முதலில் கண்டு சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகஸ். லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். நோய்க்குக் காரணம் காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான வீடுகள்தான் என்று அரசாங்கம் நினைத்தது. வீடு வீடாகப் போய்ப் பார்த்து, மோசமானவற்றின் சுவரில் 'யு.ஹெச்.ஹெச்.' என்று எழுதினார்கள். மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்று அர்த்தம். உள்ளே இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்று சுவரில் எழுத இடமில்லை போலும்.

1898இல் ஒரு சட்டம் போட்டு பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். கடல்காற்று ஊருக்குள் வர பிரின்சஸ் ஸ்ட்ரீட்டையும், கிழக்கு மேற்காக சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டையும் போட்டார்கள். அதற்காக இடித்த வீடுகளின் அளவுக்குப் புதிய வீடு கட்டவில்லை. நெருக்கத்தைக் குறைக்க வந்தவர்களே பல இடங்களில் நெருக்கத்தைக் கூட்டினார்கள்.

டிரஸ்டின் இன்னொரு வேலை வடக்கே. வயலும் தோப்புமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, சயான் நிலத்தை வாங்கி, சாலை போட்டு, மனை பிரித்துக் குத்தகைக்கு விட்டது. கட்டடத்தைச் சுற்றி இவ்வளவு இடம் விட வேண்டும், இவ்வளவு உயரம்தான் போகலாம் என்று விதிகள். மாட்டுங்காவின் காற்றோட்டம் அந்த விதிகளின் மிச்சம்தான். மனைகள் நிரம்புவதற்கு 1920களும் 30களும் ஆகிவிட்டன.

யார் வந்து குடியேறினார்கள் என்பதுதான் சுவாரசியமான பகுதி. பம்பாயில் சாதி, சமூகம் பார்த்து வீடு கட்டுவது அப்போதே நல்ல முறையில் நடந்துகொண்டிருந்தது. 1915இல் காம்தேவியில் தொடங்கிய சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுச் சங்கம் இந்த வகையில் முன்னோடி. டிரஸ்டிலேயே இஞ்சினியராக இருந்த மஞ்சர்ஜி ஜோஷி, நடுத்தரப் பார்சிகளுக்கென்று மனைகளை ஒதுக்க வைத்து தாதர் பார்சி காலனியை உருவாக்கினார். பக்கத்திலேயே ஹிந்து காலனி. இங்கெல்லாம் சேராத ஒரு கூட்டம் மாட்டுங்காவுக்கு வந்தது. தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலி என்று தெற்கிலிருந்து டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து, கணக்கு படித்துவிட்டு ரயிலேறிய பையன்கள். பெரும்பாலும் பிராமணர்கள். ஆங்கிலக் கம்பெனிகளுக்கும் ரயில்வேக்கும் குமாஸ்தா தேவைப்பட்ட காலம். ஆரம்பத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு அறை, மெஸ் சாப்பாடு. பிறகு கல்யாணம், பிறகு ஃப்ளாட்.

அந்த ஃப்ளாட் என்பதே அன்று புதுசு. சாளில் ஒரு தளத்துக்கே பொதுவாகக் கக்கூஸ் இருக்கும். இங்கே வீட்டுக்குள்ளேயே குளியலறை, கழிப்பறை. ஆசாரம் பார்க்கிற குடும்பங்கள் சமையலறை இருக்கும் வீட்டுக்குள் கழிப்பறையை ஏற்றுக்கொண்டது சின்ன விஷயம் இல்லை. வேலைக்காக விட்டுக்கொடுத்தவற்றை கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் ஈடுகட்டினார்கள் என்று எனக்குத் தோன்றும். 1923இல் ஆஸ்திக சமாஜம், 1932இல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி. பின்னது இன்று பெரிய கல்வி நிறுவனம்.

பெரும்பாலும் இவர்கள் வாடகைக்குத்தான் இருந்தார்கள். அங்கேதான் 1947ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் வந்து விளையாடியது. வாடகையை 1940ஆம் வருஷத்து அளவில் அந்தச் சட்டம் நிறுத்திவிட்டது. உள்ளே இருந்தவருக்கு லாட்டரி. வெளியிலிருந்து வருபவருக்குக் கதவு சாத்தியாச்சு. குடியிருப்பு உரிமையை 'பகடி' என்ற பெயரில் பெருந்தொகைக்குக் கைமாற்றுவதும், பதினோரு மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தமும் இதன் குட்டிகள். 1999இல் சட்டம் மாறியும் பழைய குடித்தனக்காரர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். புரோக்கர் மூன்று வீடு காட்டினார். மூன்றாவது பிடித்திருந்தது. வயதான தம்பதி. அந்த மாமி காபி கொடுத்தார், அருமையான காபி. மாமா ஊர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார், சாப்பாட்டுப் பழக்கம் கேட்டார். நான் முட்டைகூட வாங்க மாட்டேன் என்றேன் (பொய்தான்). கடைசியில் தயங்கித் தயங்கி, "தப்பா நினைச்சுக்காதீங்கோ, நம்மவாளா?" என்றார். இல்லை என்றேன். "பையன் அமெரிக்காவிலேர்ந்து வர மாதிரி இருக்கு, பாத்துச் சொல்றேன்" என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. அதே 2005 ஏப்ரலில்தான், ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உறுப்பினர் இடம் தரலாம் என்று அகமதாபாத் பார்சி சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. நான் போய் நின்றது யாரிடம்?

புரோக்கர் கொடுத்த விண்ணப்பத் தாள்களை அன்றிரவு கிழித்துப்போட எடுத்தேன். வீட்டு முகவரியில் பின்கோடு 400019. அப்போதுதான் ஊர் டிரங்குப் பெட்டியில் இருக்கும் இன்லண்ட் கடிதங்கள் ஞாபகம் வந்தன. என் தாத்தாவின் அண்ணன், நாங்கள் பெரிய தாத்தா என்போம், பம்பாயிலிருந்து எழுதியவை. "மாட்டுங்காவுல பெரிய கம்பெனில இருந்தாவ" என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஆனால் கடிதத்தின் பின்னால் இருந்த முகவரி பம்பாய்-17. பின்கோடு 1972இல் வந்தபோது பழைய தபால் வட்ட எண்களையே கடைசியில் வைத்தார்கள். 19 மாட்டுங்கா. 17 தாராவி.

போனில் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தோல் ஷாப்புல இருந்தாவ. அத ஊர்ல சொல்ல முடியுமாலே?" என்றார்.

மாட்டுங்காவிலிருந்து தாராவி ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். மாஹிம் கழியின் ஓரத்தில் கோலி மீனவர்களின் கிராமம் அது. நாற்றமடிக்கும் தொழில்களை ஊருக்கு வெளியே தள்ளியபோது தோல் பதனிடும் வேலை அங்கே போய்ச் சேர்ந்தது. பாந்த்ரா கசாப்புக்கூடம் பக்கத்திலேயே இருந்ததால் தோலுக்குக் குறைவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலி முஸ்லிம்கள் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார்கள். படி மசூதி தொடங்கியது 1887 என்கிறார்கள். பின்னாலேயே ஆதிதிராவிடர்கள், நாடார்கள், மற்றவர்கள். ஆதிதிராவிடர் சங்கத்தார் பிள்ளையார் கோயில் கட்டியது 1913இல். மாட்டுங்காவின் ஆஸ்திக சமாஜத்துக்குப் பத்து வருஷம் முன்பு! பம்பாய்த் தமிழர் வரலாறு என்றால் மாட்டுங்காவில் ஆரம்பிப்பதே நமக்கு வழக்கம். வருஷக் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

இரண்டு தமிழ் ஊருக்கும் அடி ஒரே இடத்திலிருந்துதான் விழுந்தது. 'மார்மிக்' பத்திரிகை தென்னிந்தியப் பெயர்களாகப் பட்டியல் போட்டதும், 1966இல் சிவசேனா பிறந்ததும், வேட்டிக்காரர்களைத் துரத்தும் கோஷமும் எல்லோருக்கும் தெரிந்த கதை. மாட்டுங்காக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நகர்ந்தது. அதற்கு சேனாவைவிட, வீடு போதாமல் போனதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். தாராவிக்காரர்கள் நகர எங்கே இருக்கிறது? (நாயகன் படத்தை நான் இங்கே இழுக்கவில்லை. யாராவது இழுப்பீர்கள் என்று தெரியும்.)

கடைசியில் நான் வீடு பிடித்தது சயான் கோலிவாடாவில், குரு தேக் பகதூர் நகர் ஸ்டேஷன் பக்கம். பிரிவினையில் வந்த பஞ்சாபி அகதிகளும் கோலிகளும் தமிழர்களும் கலந்த இடம். சர்தார்ஜி வீட்டுக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார், டெபாசிட் எப்போது. கோலிவாடா இறால் என்று ஊரெல்லாம் மெனுவில் இருக்கிறதே, அது இந்தக் கோலிவாடா பெயரில்தான். 2014இலிருந்து இந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.கூடத் தமிழ்ச்செல்வன் என்ற நம்மூர்க்காரர்.

2009இல் அப்பா வந்தார். கேட்வே, சித்தி விநாயகர் எல்லாம் காட்டினேன். மூன்றாம் நாள் அவரே, "அந்த எடம் பக்கமா?" என்றார். போனோம். தொண்ணூறடி ரோட்டில் கடைப்பலகைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டே நடந்தார். டீக்கடையில் ஒரு பெரியவரிடம் தோல் ஷாப்பு எங்கே இருந்தது என்று விசாரித்தார். அவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அரை மணி நேரம் பேசினார்கள். கிளம்பும்போது அவர், "உங்க பெரியப்பா பேரச் சொல்லுங்க" என்றார். அப்பா சொன்னார். அவருக்குத் தெரியவில்லை.

2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்காக வீடுகளுக்கு எண் போடும் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பே இருந்தவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி. மற்றவர்களுக்கு வேறெங்கோ. அந்த டீக்கடைச் சுவரிலும் எண் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அதைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "அந்த மனுசனுக்கு வீடு குடுப்பாவளா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போனபோது கடை பூட்டியிருந்தது. இன்னொரு நாள் போக வேண்டும்.