கேட்டலும் காத்தலும்: இல்லத்து இசைக்கருவூலத்தின் வரலாறு

இசை காற்றில் பிறந்து காற்றிலேயே கரைவது. அதனைத் தன் இல்லத்துக்குக் கொண்டுவர மனிதன் இரண்டு வழிகளைத் தேடினான். தொலைவில் நிகழ்வதை வீட்டிலிருந்தபடியே கேட்பது ஒன்று. நிகழ்ந்து முடிந்ததைப் பதிந்து வீட்டில் வைத்திருப்பது மற்றொன்று. முன்னதைக் கேட்டல் நெறி எனவும், பின்னதைக் காத்தல் நெறி எனவும் கொள்ளலாம். இன்று பல வீடுகளின் மூலையில் சில வன்தட்டுகளைத் தாங்கிய சிறு பெட்டி ஒன்று அமர்ந்திருக்கிறது. அதிலுள்ள பாட்டும் படமும் வீட்டின் எந்த அறைக்கும் கம்பி வழியாகவோ கம்பியின்றியோ சென்று சேர்கின்றன. இரு நெறிகளும் ஒன்றுகூடிய இடம் அப்பெட்டியே. அக்கூட்டுறவு எளிதில் நேர்ந்ததன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட முயற்சியும், வழக்கு மன்றங்களில் நடந்த நெடிய வாதங்களும் அதன் பின்னால் உள்ளன.

இரு நெறிகளின் தோற்றம்

1877இல் அமெரிக்காவில் எடிசன் தம் ஒலிப்பதிவுக் கருவியைப் படைத்தார். காத்தல் நெறி அதனோடு தொடங்கிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1881இல் பாரிசில் நடந்த மின்னியல் கண்காட்சியில் கிளமென்ட் ஆடெர் என்னும் பொறியாளர் ஒரு புதுமையைக் காட்டினார். இசை நாடக அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளைப் பொருத்தித் தொலைபேசிக் கம்பி வழியே கண்காட்சி மண்டபம்வரை இசையைக் கொண்டுவந்தார். இரண்டு செவிகளுக்கும் தனித்தனிக் குழல் இருந்தமையால், பாடகர் மேடையில் எப்பக்கம் நகர்ந்தார் என்பதையும் கேட்போர் உணர முடிந்தது. 1890 முதல் 'தியாத்ரோஃபோன்' என்ற பெயரில் இது கட்டண முறையில் நடந்தது. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் 1911இல் அதன் சந்தாதாரராகித் தம் அறையிலிருந்தே வாக்னர், தெபுசி ஆகியோரின் இசை நாடகங்களைக் கேட்டார். அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் பெல்லமி 1888இல் வெளியிட்ட எதிர்கால நாவலிலும், தொலைபேசிக் கம்பி வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் நாள் முழுவதும் இசை வருவதாகக் கற்பனை செய்திருந்தார்.

1932இல் தியாத்ரோஃபோன் சேவை நின்றது. அதுவரை கேட்டவற்றில் ஒன்றும் சந்தாதாரரின் இல்லத்தில் எஞ்சவில்லை. இசைத்தட்டு வாங்கியவர் வீட்டிலோ தட்டு இருந்தது. இவ்வேறுபாடே பின்வந்த வரலாறு முழுவதையும் இயக்கும் அச்சாயிற்று.

பாடல் எண்ணான கதை

ஒலியை எண்களாக மாற்றினால் எத்தனை முறை படியெடுத்தாலும் தரம் குன்றாது. ஆனால் எண்களுக்கு இடம் வேண்டும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சேமிப்புக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அக்கருவி முழுவதிலும் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. 1982இல் விற்பனைக்கு வந்த குறுவட்டோ ஒரு நொடி இசையை ஒரு தடத்துக்கு 44,100 எண்களாக எழுதுகிறது. அத்தரத்தில் பதிந்தால் அரை நிமிட இசையைக்கூட அப்பழைய கருவி தாங்காது.

இச்சிக்கலைத் தீர்த்தவர்கள் இருதிறத்தார். வன்தட்டைச் சுருக்கி அதன் கொள்ளளவைப் பெருக்கியோர் ஒருசாரார். இசையையே சுருக்கியோர் மற்றொரு சாரார். செருமனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய குழுவினரும், ஓர் ஒலி உரத்து ஒலிக்கும்போது அதனருகே உள்ள மெல்லொலி செவியில் படுவதில்லை என்னும் உண்மையைப் பயன்கொண்டனர். படாததை நீக்கிவிட்டால், குறுவட்டில் உள்ள அளவில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கில் பாடல் அடங்கும். இம்முறையே 1995இல் எம்.பி.3 என்னும் பெயர் ஒட்டினைப் பெற்றது.

வலையமும் பெட்டியும்

சேமித்தது ஓர் அறையிலும் கேட்பவர் வேறோர் அறையிலும் இருக்கலாம். இதற்கு வழி கோலியது 1973இல் கலிபோர்னியாவின் செராக்சு ஆய்வகத்தில் இராபர்ட் மெட்காஃப் முன்மொழிந்த ஈதர்நெட் இணைப்பு முறை. ஒரு கணிப்பொறியின் கோப்பை மற்றொன்று தன்னுடையதுபோலத் திறக்கும் முறையை சன் நிறுவனம் 1984இல் அளித்தது. இவை அலுவலகங்களுக்காகப் பிறந்தவை. வீட்டுக் கணிப்பொறிகளில் பரவியிருந்த விண்டோசு போன்ற அமைப்புகளோடு பிற கணிப்பொறிகளும் உரையாட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் ஓடும் செய்திகளை உற்றுநோக்கியே அவ்வுரையாடலின் இலக்கணத்தை அறிந்து, 1992இல் ஒரு மென்பொருளை எழுதி வெளியிட்டார். அதுவே பின்னர் 'சாம்பா' ஆயிற்று. அம்மொழியின் பெயர்ச்சுருக்கத்தில் உள்ள மூன்று எழுத்துகளையும் கொண்ட சொல்லை அகராதியில் தேடியபோது கிடைத்த பெயர் அது.

வன்தட்டு ஒருநாள் பழுதாகும் பொருள். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் விலை குறைந்த பல தட்டுகளை ஒன்றாக இணைத்து இக்குறையைப் போக்கும் 'ரெய்டு' முறையை வகுத்துரைத்தனர். இரண்டு எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் மூன்று இடங்களில் எழுதிவைத்தால், எந்த ஒன்று அழிந்தாலும் மற்ற இரண்டைக் கொண்டு அதனை மீட்கலாம். இம்முறையின் சாரம் இதுவே. 1997இல் கம்பியில்லா இணைப்புக்கும் பொதுத்தரம் வகுக்கப்பட்டது. இல்லக் கருவூலத்துக்கு வேண்டிய உறுப்புகள் இவ்வாறு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

வழக்கு மன்றத்தில் இல்லம்

கருவி அமைந்தது, உரிமை அமைந்ததா? 1976இல் ஒளிநாடாப் பதிவுக் கருவியை எதிர்த்துத் திரைப்பட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, பின்னொரு வேளையில் பார்ப்பதற்காக வீட்டில் பதிந்துகொள்வது குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதியின் கருத்து மாறியிருப்பின் இவ்வரலாறும் மாறியிருக்கும். 1999இல் மற்றொரு நீதிமன்றம், தன்னிடமுள்ள பாடலை வேறொரு கருவிக்கு மாற்றிக்கொள்வதையும் அவ்வாறே ஏற்றது.

ஆனால் 2000இல் காட்சி மாறியது. குறுவட்டு வைத்திருப்போர் அதனைத் தம் கணிப்பொறியில் இட்டுக் காட்டினால், அப்பாடல்களை எங்கிருந்தும் கேட்க ஒரு வணிக நிறுவனம் வழி செய்தது. அதற்காகப் பல்லாயிரம் குறுவட்டுகளைத் தானே படியெடுத்து வைத்திருந்தது. அது உரிமை மீறல் என்றது நீதிமன்றம். 2004இல் கெலைடஸ்கேப் என்னும் நிறுவனத்தின்மீது வழக்கு வந்தது. அதன் கருவி, விலைகொடுத்து வாங்கிய படத்தட்டுகளை வீட்டிலேயே சேமித்து அறைதோறும் காட்டுவது. தீர்ப்புகள் மாறி மாறி வந்து, 2014இல் உடன்பாட்டில் வழக்கு முடிந்தது. பொருளை வாங்கியவர் வாங்கியது தட்டையா, அதனுள் உறையும் கலையையா என்பதே பத்தாண்டுகள் நீண்ட அவ்வழக்கின் உள்ளுறை.

ஆர்வலர் கைவண்ணம்

நிறுவனங்கள் தயங்கிய இடத்தில் ஆர்வலர்கள் முன்வந்தனர். 2002இல் எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுக் கருவியில் படமும் பாட்டும் இயங்கச் செய்யும் மென்பொருள் ஒன்று உருவாயிற்று. இன்று கோடி என அறியப்படுவது அதன் வழித்தோன்றல். பிளெக்ஸ் அதன் கிளை. மற்றொரு மென்பொருளின் மூலநிரல் பொதுவில் இல்லாமற்போனபோது, முன்பு வெளியான நிரலைக் கொண்டு 2018இல் ஜெல்லிஃபின் தோன்றியது. இவை பெட்டியிலுள்ள கோப்புகளைப் படித்து அட்டவணை செய்கின்றன. கலைஞர் பெயரையும் முகப்பு ஓவியத்தையும் சேர்க்கின்றன. கேட்கும் கருவி அறியாத வடிவமாயின் அறியும் வடிவத்துக்கு மாற்றி, முழுக்கோப்பும் வந்து சேருமுன்பே ஒலிக்கச் செய்கின்றன. ஆடெர் மேடையிலிருந்து மண்டபத்துக்கு நீட்டிய கம்பி, இங்கே வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நீள்கிறது.

காப்பவர் யார்?

2007இல் நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியே படங்களை அனுப்பத் தொடங்கியது. 2008இல் ஸ்பாட்டிஃபை சேவை வந்தது. தியாத்ரோஃபோன் புதுவடிவில் மீண்டது எனலாம். வசதி பெரிது, ஆயினும் கையில் எஞ்சுவது ஒன்றுமில்லை. 2009இல் அமேசான் நிறுவனம், உரிமையில்லாதவர் விற்றதெனக் கூறி, ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களை வாங்கியோரின் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது.

பெரிய நிறுவனமே சிறந்த காவலர் என்பதற்கும் உறுதியில்லை. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமான பி.பி.சி., 1960களில் ஒளிபரப்பிய 'டாக்டர் ஹூ' தொடரின் பல அத்தியாயங்களைப் பின்னர் அழித்துவிட்டது. காட்சி மறைந்த அத்தியாயங்கள் அனைத்துக்கும் ஒலி மட்டும் இன்று இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்த சில இல்லத்தார் தந்த கொடை அது.

அதுபோல் வீட்டில் இருப்பதாலேயே எல்லாம் நிலைத்துவிடும் என்றும் எண்ணலாகாது. ரெய்டு முறை தட்டின் பழுதைத் தாங்கும். தீயையும் வெள்ளத்தையும் தாங்காது. இதற்கு ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய நெறி எளியது: மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேற்றிடத்தில். ஓலைச்சுவடி காத்த தமிழர்க்கு இது புதிய அறிவன்று. ஓலை சிதையும் என அறிந்தே அவர்கள் தலைமுறைதோறும் படியெடுத்தனர். ஓர் ஊரில் செல்லரித்த ஏட்டின் பாடம் வேறோர் ஊரின் ஏட்டில் கிடைத்தமையாலன்றோ பல நூல்கள் அச்சேறின!

இன்று தமிழ் இலக்கிய வட்டங்களின் கவியரங்கக் குரல்கள் பழைய ஒலிநாடாக்களில் உறங்குகின்றன. அவற்றை விலைக்கு வாங்கிப் பரப்ப எந்நிறுவனமும் வரப்போவதில்லை. நாடாவின் காந்தப்பூச்சு ஆண்டுதோறும் உதிர்கிறது. அதனை இயக்கும் கருவிகளும் அரிதாகி வருகின்றன. அவற்றை எண்வடிவாக்கி, ஒரு வீட்டின் பெட்டியிலும் மற்றொரு வீட்டின் பெட்டியிலும் இட்டுவைப்பது அரிய செயலன்று. மறைந்த கவிஞர் ஒருவரின் குரலை அவர் பேரன் கேட்பதும் கேளாது போவதும் அச்சிறு செயலைப் பொறுத்தே அமையும்.