தடம் படித்தவர்கள்

டொமிங்கோ ஃபௌஸ்தினோ சர்மியெந்தோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பள்ளிக்கூடங்களிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியதுதான். சிலியில் நாடு கடந்து வாழ்ந்தபோது அந்நாட்டு அரசாங்கம் இவரை வெளிதேசப் பள்ளிகளைப் பார்த்துவர அனுப்பியது. 1847-ல் மாஸாசூஸெட்ஸில் ஹொரேஸ் மன்னைச் சந்தித்தார். 1849-ல் பொதுக்கல்வி பற்றிப் புத்தகம் எழுதினார். 1868 முதல் 1874 வரை அர்ஜென்டீனாவின் ஜனாதிபதி. பரானாவில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, அமெரிக்காவிலிருந்து ஆசிரியைகள். இலவசக் கட்டாயக் கல்விக்கான 1884-ம் வருஷச் சட்டத்துக்காக வாதாடியவர்களிலும் முக்கியமானவர்.

எனக்குச் சங்கடம் தருவது 1845-ல் இவர் எழுதிய 'ஃபக்குந்தோ'. நகரம் நாகரிகம், புல்வெளி காட்டுமிராண்டித்தனம் என்று தேசத்தை இரண்டாக வகிர்ந்த நூல். ஆனால் வாதத்தை மறந்து, புல்வெளியில் மாடும் குதிரையுமாக வாழ்ந்த கௌச்சோக்களைப் பார்த்து நின்றுவிடுகிற பக்கங்களில்தான் அதற்கு உயிர் இருக்கிறது. கலீபார் என்று ஒருவர் வருகிறார். தடம் பார்ப்பதில் பெயர்பெற்றவர். அவர் ஊரில் இல்லாதபோது அவருடைய சேணம் திருட்டுப் போகிறது. மனைவி திருடனின் காலடியை ஒரு மரத்தொட்டியால் மூடி வைக்கிறாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பிய கலீபார், மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கிப்போன அத்தடத்தைப் பார்த்துக்கொள்கிறார். அப்புறம் அதுபற்றிப் பேச்சே இல்லை. வெகுகாலத்துக்குப்பின் ஒருநாள், புறநகர்த் தெருவொன்றில் தலைகுனிந்து நடந்துபோகிறவர், சட்டென்று ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கறுத்துத் தேய்ந்த தன் சேணத்தைக் கண்டுபிடிக்கிறார்.

படிப்பு என்பது இதுவும்தானே? இதற்கு சாஸ்திரம் என்ற அந்தஸ்தையே சர்மியெந்தோ கொடுக்கிறார். அவர் வியப்பு பொய்யல்ல. அப்படிப்பட்டவர்தான், கௌச்சோ ரத்தத்தைச் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று 1861-ல் மித்ரேக்குக் கடிதம் எழுதினார். 1863-ல் இவர் சான் ஹுவான் மாகாண கவர்னர். கலகத் தலைவர் பென்யலோஸாவைச் சரணடைந்த பிறகு கொன்று, தலையை ஈட்டியில் செருகி வைத்தார்கள். இவர் அந்த முறையைப் பாராட்டினார்.

அந்தக் காலம் அப்படி என்பார்கள். அதே வருஷத்தில்தான் அக்கொலையைக் கண்டித்து, பென்யலோஸாவின் வாழ்க்கையை ஹோஸே ஹெர்னாண்டெஸ் எழுதினார். ஆக, அந்தக் காலத்திலும் வேறு மாதிரி நினைக்க முடிந்திருக்கிறது. பள்ளிகளை வரவில் வைத்து இந்த ரத்தத்தை நேர்செய்ய, லெட்ஜரோடு பிழைக்கிற எனக்கே தெரியவில்லை.

1872-ல், சர்மியெந்தோ ஜனாதிபதியாக இருக்கையில், ஹெர்னாண்டெஸின் 'மார்ட்டின் ஃபியெர்ரோ' வெளிவந்தது. எல்லைப் படைக்குப் பலவந்தமாகப் பிடித்துப்போகப்பட்ட கௌச்சோ ஒருவன் தானே சொல்லும் கதை. புல்வெளிக் கடைகளில் மளிகைச் சாமான்களோடு அது விற்றது. படிக்கத் தெரிந்த ஒருவன் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டார்கள்.