தழைத்தல்

வாழ்வின் வளத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுட் பல பயிர்த்தொழிலிலிருந்து பிறந்தவை. செழித்தல், துளிர்த்தல், தழைத்தல் ஆகியன அவ்வகையின. இவற்றுள் தழைத்தல் என்பது தழை என்னும் பெயரோடு உறவுடையது. தழையாவது இலைகள் அடர்ந்த சிறு கிளை. சங்க காலத்துத் தலைவன் தலைவிக்குத் தழையாடையைக் கையுறையாக அளித்தான் எனப் பழம் பாடல்கள் கூறும். மரம் இலை விடுவதற்கும் குடும்பம் பெருகுவதற்கும் தமிழர் ஒரே சொல்லை வழங்கினர்.

ஆனால், மணமக்களை வாழ்த்தும் முதியோர் ஆலமரத்தோடு நின்றுவிடுவதில்லை. அறுகம்புல்லையும் உடன் சொல்வர். முன்னது தழைப்பதற்கு உவமை, பின்னது வேரூன்றுவதற்கு. வேரின்றித் தழைப்பில்லை என்பதே அவ்வாழ்த்தின் உட்பொருள்.

இவ்வுண்மையைச் சபரகமுவைத் தோட்டங்களிற் கண்கூடாகக் காணலாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் சரிவுகளில் தேயிலையும் இறப்பரும் வளர்கின்றன. தேயிலை இயல்பிலே மரமாக வளரவல்லது. தோட்டத்திலோ அது இடுப்பளவுச் செடியாகவே நிறுத்தப்படுகிறது. ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை அதன் கொழுந்து கிள்ளப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டப்படுகிறது. எனினும் அது மீண்டும் தழைக்கிறது. கத்தி கிளையை வெட்டுகிறதேயன்றி வேரைத் தொடுவதில்லை.

கொழுந்து கிள்ளிய மக்களின் வரலாறு வேறு. தமிழகத்திலிருந்து வந்து காட்டைத் தோட்டமாக்கியவர்களின் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. உறவினர் கடலின் இருகரைகளிலும் பிரிந்தனர். 1977, 1981ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் சபரகமுவைத் தோட்டங்களிலிருந்தும் பல குடும்பங்களைப் பெயர்த்தன. வவுனியாப் பக்கம் சென்று குடியேறியோரும் உளர். ஒருமுறை வெட்டுண்ட செடி துளிர்ப்பதற்கு முன்பே, இங்கு வேர் மறுமுறையும் பறிக்கப்பட்டது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கியது. ஒரு வேர் அவ்வாறு ஊன்றிற்று. மற்றொரு வேர் நிலம். பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த லயக் காம்பிராவுக்கும் அதன் முற்றத்துக்கும் உறுதிப் பத்திரம் இன்றும் பலர் கையில் இல்லை. அது கிட்டும் நாளிலேதான் மணப்பந்தலிற் பெரியோர் கூறும் வாழ்த்து முழுமை பெறும்.