காடு என்பது யாருடைய சொல்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் ஒரு பெண் "காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொன்னால் களை வெட்டப் போகிறாள் என்று அர்த்தம். கரிசலில் காடு என்றால் புஞ்சை. பருத்திக்காடு, சோளக்காடு, மல்லிக்காடு. மரம் நிற்க வேண்டும் என்கிற கட்டாயம் அந்தச் சொல்லுக்குக் கிடையாது. முல்லைத்திணை நடத்துகிற தமிழாசிரியர்கள் இதைக் கொச்சை என்பார்கள். இருந்துட்டுப் போகட்டும். எந்தக் காடு யார் பட்டாவில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். மறுபேச்சில்லாமல் எங்க சனங்களுக்கு விட்டுக்கொடுத்த ஒரே காடு சுடுகாடு. பல ஊர்களில் அதற்கும் பாதை கிடையாது.

உலக நாடுகள் இதே சொல்லுக்கு வேறு கணக்கு வைத்திருக்கின்றன. அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், ஐந்து மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மரம், பத்து சதவீதத்துக்கு மேல் மரநிழல். இருந்தால் அது காடு என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம். தைலமரத் தோப்பும் இந்தக் கணக்கில் காடுதான். வானம் பார்த்த பருத்திக்காடு காடில்லை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு முப்பது வருசத்துக்கும் மேலாகப் பேசுகிறார்கள். ஒரு சட்டத்துக்கு வந்து சேர முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1990 ஜூலையில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் கூடிய ஏழு பணக்கார நாடுகள், காடுகளைக் காக்க உலக ஒப்பந்தம் ஒன்று வேண்டும் என்றன. 1992 ஜூனில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டுக்குள் அதை முடித்துவிடலாம் என்பது திட்டம். மலேசியாவும் இந்தியாவும் முன்னால் நின்று மறுத்தன. அப்போது இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் கமல்நாத். எங்கள் காடு எங்கள் இறையாண்மைக்கு உட்பட்டது, உங்கள் புகையை உறிஞ்ச நாங்கள் மரம் காத்துக் கிடக்க முடியாது என்பதுதான் தெற்கு நாடுகளுடைய வாதத்தின் சாரம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. கப்பலுக்குத் தேக்கையும் தண்டவாளத்துக்கு அடிக்கட்டையையும் வெட்டித் தீர்த்துவிட்டு, 1882ல் சென்னை வனச்சட்டம் போட்டு விறகு பொறுக்கியவனைக் குற்றவாளி ஆக்கினார்களே, அந்த வெள்ளைக்காரனுடைய பேரன்தானே இப்போது காடு காக்கச் சொல்கிறான்?

ஒப்பந்தம் விழுந்தது. மிஞ்சியது ஒரு அறிக்கை. அதன் தலைப்பை முழுசாக வாசித்தாலே மூச்சு முட்டும்: எல்லா வகைக் காடுகளின் மேலாண்மை, பாதுகாப்பு, நீடித்த வளர்ச்சி பற்றிய உலக ஒருமித்த கருத்துக்கான, சட்டப்படி கட்டுப்படுத்தாத, அதிகாரபூர்வமான கோட்பாடுகளின் அறிக்கை. ஒவ்வொரு சொல்லும் ஒரு சண்டையின் தழும்பு. 'எல்லா வகைக் காடுகள்' என்று போட்டது, வெப்பமண்டலக் காடுகளை மட்டும் குறிவைக்காதே, உன் பனிநாட்டுக் காட்டையும் கணக்கில் வை என்று தெற்கு பிடித்த பிடிவாதத்தால். 'சட்டப்படி கட்டுப்படுத்தாத' என்பதும் அப்படித்தான். ஒருமித்த கருத்து வராத இடத்தில் 'ஒருமித்த கருத்து' என்பதையே தலைப்பில் ஏற்றிவிட்டார்கள்!

அதற்குப் பிறகு நடந்தது கூட்டத்துக்கு மேல் கூட்டம். 1995 முதல் 1997 வரை ஒரு குழு, 1997 முதல் 2000 வரை இன்னொரு குழு, 2000 அக்டோபரில் ஐ.நா. காடுகள் மன்றம். 2005ல் அந்த மன்றம் உடன்பாடு இல்லாமல் கலைந்தது. 2007ல் ஒரு ஆவணம் நிறைவேறியது, அதுவும் கட்டுப்படுத்தாதது. 2017ல் ஆறு இலக்குகள்; 2030க்குள் உலகக் காட்டுப் பரப்பை மூன்று சதவீதம் கூட்டுவது அதில் ஒன்று. அதுவும் விருப்பப்பட்டால்.

இந்தப் பேச்சுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லில் தகராறு என்றால் அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். பேசிப் பேசி அடைப்பை எடுக்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால் சொல்லே போய்விடும். கடைசியில் ஓட்டெடுப்பு இல்லை. யாரும் எழுந்து 'வேண்டாம்' என்று சொல்லாவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று தலைவர் மேசையைத் தட்டிவிடுவார்.

இதைப் படித்தபோது எனக்கு நியூயார்க் ஞாபகம் வரவில்லை, ஊர் மந்தைதான் ஞாபகம் வந்தது. ஊர்க்கூட்டத்திலும் ஓட்டு கிடையாது. "ஊர் ஒண்ணாச் சேந்து முடிவு பண்ணிருச்சு" என்பார்கள். அந்த 'ஒண்ணு'க்குள் சேரி என்றைக்கு இருந்தது? 1996ல் தலித்துகளுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துகளில் எங்கள் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலும், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலமும் பத்து வருசம் தலைவர் இல்லாமல் கிடந்தன. மனு போட ஆள் இருக்காது. போட்டு ஜெயித்தால் உடனே ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. அந்தப் பத்து வருசமும் அங்கே நிலவியதற்குப் பெயர் ஒருமித்த கருத்து. அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அடிப்படை அலகாக ஏற்க மறுத்தது இதனால்தான். காட்டு ஆவணங்களில் வரிக்கு வரி 'உள்ளூர்ச் சமூகம்' என்று எழுதுகிறவர்கள் அந்தப் பேச்சை வாசிக்கவில்லை.

ரியோ அறிக்கையில் பழங்குடிகள், காட்டில் வாழ்வோர், பெண்கள் பெயரெல்லாம் இருக்கிறது. தொழிலாளர் என்றுகூட இருக்கிறது. அவர்கள் பங்கேற்க அரசுகள் வாய்ப்பளிக்க வேண்டுமாம். வாய்ப்பளிக்கிற கை அரசின் கை. இறையாண்மை என்று உலகத்திடம் மார்தட்டிய அதே அரசு 2006ல் வன உரிமைச் சட்டம் போட்டபோது, பட்டியல் பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம், காட்டில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்டது. அடிவாரத்துத் தலித்திடம் எந்தக் கர்ணம் எழுபத்தைந்து வருசக் காகிதம் எழுதிக் கொடுத்தான்?

சரி, எங்கள் பக்கத்துக்கு வருவோம். 1981ல் சுவீடன் நாட்டு உதவியோடு தமிழகத்தில் சமூகக் காடுகள் திட்டம் வந்தது. கண்மாய் உள்வாயில் கருவேல் நட்டார்கள். கன்று தழைக்கும் வரை ஆடு இறங்கக்கூடாது. நிலமில்லாதவனின் ஆட்டுக்குக் கண்மாயை விட்டால் வேறு மேய்ச்சல் ஏது? மரம் விளைந்ததும் ஏலம். பங்கு வனத்துறைக்கும் பஞ்சாயத்துக்கும். பஞ்சாயத்து யார் கையில் இருந்தது என்பதை மேலே சொல்லிவிட்டேன். 'சமூகக் காடு' என்பதில் சமூகம் என்ற சொல்லைத்தான் முதலில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்க வேண்டும்.

யாரும் திட்டம் போட்டு வளர்க்காமலே புஞ்சையை மூடியது சீமைக்கருவேல், எங்க வாயில் வேலிக்காத்தான். 1870களில் வெள்ளைக்கார வனத்துறை விதை வரவழைத்து இந்தியாவில் ஊன்றியது. மழை பொய்த்துத் தரிசாய்ப் போன கரிசலில் பலருக்கு அடுப்பெரிந்தது இதனால்தான். மரத்தை ஏக்கர் கணக்கில் பேசி எடுப்பவர் ஒருத்தர். வெட்டுவதும் தூர் பறிப்பதும் மூட்டம் போடுவதும் எங்க ஆளுகளும் வேறு ஏழைச் சனங்களும். கட்டையை அளவாக வெட்டி அடுக்கி, மேலே செத்தையைப் பரப்பி, மண் அப்பித் தீ வைக்க வேண்டும். தீ எரியக்கூடாது, புகைந்தே வேக வேண்டும். எங்காவது ஓட்டை விழுந்து காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் ராத்திரியும் காவல். பல நாள் கழித்துப் பிரித்து, ஆறவைத்து, சலித்து, மூட்டை கட்டினால் லாரி வரும். சலிக்கிற பெண்கள் துப்பினால் எச்சில் கறுப்பாக விழும். ஐ.நா. கணக்கில் இவர்கள் காட்டில் வாழ்வோர் அல்ல. வேளாண் துறைக் கணக்கில் விவசாயிகளும் அல்ல.

2017 சனவரியில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சீமைக்கருவேலை வேரோடு அகற்றச் சொன்னது. நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று மேடைக்கு மேடை பேசினார்கள். சில மாதத்தில் சென்னையில் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தார்கள். 2022ல் அயல் தாவரங்களை அகற்ற மாநில அரசு கொள்கை வெளியிட்டது. அகற்றிய இடத்தில் உள்நாட்டு மரம் வரட்டும், எனக்கு மறுப்பில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் வெட்டி முடித்த மறுநாள் மூட்டத்துக்காரருக்கு என்ன வேலை, சுத்தமான கண்மாயில் அவர் ஆடு இறங்கலாமா, மரப்பட்டா யார் பெயரில் என்பதையும் அதே கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும். இந்த வருசமும் சித்திரை வெயிலில் திருச்சுழி ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மூட்டம் புகைந்தது.