அடைக்கோழியும் அரசின் கூடும்

தில்லி ஃபிரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளின் உச்சியில் நிற்கும் அசோகர் தூணில், பிற அறிவுரைகளுக்கு நடுவே, ஒரு சிறிய விலக்கு பொறிக்கப்பட்டுள்ளது: சேவலுக்கு விதையடிக்கக் கூடாது. 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் தோப்ராவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த தூண் அது. அசோகர் முடிசூடி 26 ஆண்டுகள் கழிந்தபின் வெளியிட்ட ஐந்தாம் தூண் கட்டளையில், கொல்லத்தகாத உயிர்களின் நீண்ட பட்டியலை அடுத்து இவ்விலக்கு வருகிறது. விதையடித்த சேவலுக்குக் கட்டளையின் பிராகிருதத்தில் 'வதிகுகுட' என்று தனிச்சொல்லே இருக்கிறது. காட்டில் திரியும் பறவைக்கு யாரும் விதையடிப்பதில்லை. சேவல் கொழுக்க வேண்டும், சண்டையின்றி அடங்கியிருக்க வேண்டும் என்று விரும்பும் வீட்டார் செய்யும் வேலை அது. ஆகவே கி.மு. 3ஆம் நூற்றாண்டில் முற்றத்துக் கோழி வட இந்தியாவில் அன்றாடப் பொருளாகிவிட்டது என்பதற்கு இக்கல் சான்று. அந்தச் சேவலை வளர்த்தவர் யார், அது இரவில் எங்கே அடைந்தது என்பது குறித்துக் கல்லில் ஒன்றுமில்லை.

முற்றத்துக் கோழியின் வரலாற்றை எழுத முனைவோர் எதிர்கொள்ளும் முதல் இடர் இதுவே. கோழியைப் பற்றிப் பேசும் இந்தியச் சான்றுகளில் பெரும்பாலானவை கோழி வளர்க்காதோர் விட்டுச்சென்றவை: அரசர், சட்டநூலார், மருத்துவர், குடியேற்ற ஆட்சியின் அதிகாரி, கணக்கெடுப்பாளர். வளர்த்தோரை நெருங்க மூன்று வழிகள் எஞ்சுகின்றன. ஒன்று கோழியின் உடல். மற்றொன்று அதைச் சுட்டும் சொல். மூன்றாவது அது அடையும் கூடு.

உடலிலிருந்து தொடங்கலாம். வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி என்பது டார்வின் காலத்திலேயே நிறுவப்பட்ட கருத்து. அது எங்கே வீட்டுக்கு வந்தது என்பதில்தான் விவாதம். சிந்துவெளியே தொட்டில் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அங்கே கிடைத்த எலும்புகள் வீட்டுக்கோழியுடையவையா, காட்டுப் பறவையுடையவையா என்ற ஐயம் தீராத நிலையில், 2020இல் வெளியான ஆய்வொன்று 863 கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய நிலப்பகுதியைச் சேர்ந்த செங்காட்டுக்கோழிக் கிளையினத்தை முதல் மூலமாகக் காட்டியது. 2022இல் வெளியான தொல்லியல் ஆய்வு, தாய்லாந்தின் பான் நோன் வாட்டில் கிடைத்த, கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட எலும்புகளை ஐயத்துக்கிடமற்ற மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகளாகக் கொண்டது. நெல்லும் தினையும் விளைந்த இடத்தில் சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழி மனிதரை நெருங்கியது என்பது அவ்வாய்வின் விளக்கம்.

எனினும் இந்தியாவின் பங்கு வேறொரு வழியில் உறுதியாயிற்று. உலகெங்கும் பண்ணைக்கோழிகளிற் காணப்படும் மஞ்சள் தோலுக்குரிய மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று. தீபகற்ப இந்தியாவுக்கே உரிய சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர் குழு 2008இல் காட்டியது. கிழக்கிலிருந்து வந்த வீட்டுக்கோழி, தக்காணத்திலோ மேற்குத் தொடர்ச்சி மலையடியிலோ, காடு தொட்ட ஏதோ ஒரு முற்றத்தில் உள்ளூர்க் காட்டுப்பறவையோடு கலந்திருக்கிறது. பகலில் கூட்டைத் திறந்துவிட்டு, மேய்ச்சலுக்குக் கோழியைத் தன்போக்கில் அனுப்பும் வளர்ப்பு முறை இல்லாவிடில் இக்கலப்பு நேர வழியில்லை.

அடுத்தது சொல். பாரசீகத்தில் 'முர்க்' என்பதன் பழம்பொருள் பறவை. நெருப்புக்கோழிக்கு அங்கே 'ஒட்டகப் பறவை' என்னும் பொருளில் 'ஷுதுர்முர்க்' என்று பெயர். அதே சொல் இந்தியிலும் உருதுவிலும் 'முர்கா', 'முர்கி' என்று வழங்கும்போது கோழியை மட்டுமே குறிக்கிறது. இதற்கு எத்தொடர்பும் இல்லாத ஆஸ்திரோ-ஆசிய மொழிகளிலும் இதே நிகழ்வு உண்டு. வியட்நாமியத்தில் 'சிம்' பறவை; காசி மொழியில் 'சிம்' பறவை; அதே மூலத்திலிருந்து கிளைத்த சொல் சந்தாலியிலும் முண்டாரியிலும் கோழிக்குரியது. தமிழும் விலகி நிற்கவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், மயில் நீங்கலாகச் சிறகுடையவற்றின் ஆணுக்கெல்லாம் சேவல் என்ற பெயரை உரியதாக்குகிறது. இன்றைய வழக்கில் அடைமொழி இல்லாமல் சேவல் என்றால் கோழிச்சேவலே. மூன்று மொழிக்குடும்பங்களில் பொதுச்சொல் ஒன்று சுருங்கி வீட்டுப் பறவையின் பெயராகியிருக்கிறது. நாள்தோறும் கண்ணெதிரே நிற்பதற்கு அடைமொழி தேவைப்படுவதில்லை. இவ்வகைச் சொற்சுருக்கம் முற்றத்தில் நிகழ்வது, ஏட்டில் நிகழ்வதன்று.

ஏடுகளின் சொல்லாட்சி வேறு. வடமொழிச் சட்டநூல்கள் 'கிராம குக்குடம்' என்று அடைமொழி சேர்த்தே ஊர்க்கோழியைச் சுட்டுகின்றன. மனுஸ்மிருதியின் ஐந்தாம் இயல் அதை ஊர்ப்பன்றி, காளான், பூண்டு, வெங்காயம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்து இருபிறப்பாளருக்கு விலக்குகிறது. ஊர் என்ற அடைமொழியிலேயே விலக்கின் காரணம் தெரிகிறது: ஊர்க் கழிவைக் கிளறித் தின்னும் பறவை அது. மாறாக, சரக சம்ஹிதை கோழி இறைச்சியை வலுவூட்டுவது, வாதம் தணிப்பது என்று போற்றுகிறது. அங்கே சேவலுக்குக் 'காலையே படைக்கலனாகக் கொண்டது' என்று பொருள்படும் 'சரணாயுதம்' என்ற பெயர் வழங்குகிறது. சட்டம் தள்ளியதை மருத்துவம் அழைத்துக்கொண்டது. ஆனால் தள்ளியதன் விளைவு நீடித்தது. யார் வீட்டு முற்றத்தில் கூடு இருக்கிறது என்பது அவ்வீட்டாரின் சாதியையும் சமயத்தையும் வழிப்போக்கருக்கு அறிவிக்கும் அடையாளமாயிற்று. வங்காளத்து மேல்சாதி வீடுகளில் கோழி நுழைந்தபோதும் 'ராம்பாகி', அதாவது இராமப் பறவை, என்ற விளையாட்டுப் பெயரில்தான் நுழைந்தது. விலக்கு வயிற்றைவிட்டு நீங்கிய பின்னும் நாவைவிட்டு நீங்கவில்லை.

மூன்றாவது சான்றாகிய கூட்டுக்குத் தொல்லியல் தடயம் அரிது. மூங்கிலும் மண்ணும் சுள்ளியும் மழையில் கரைபவை. எனினும் அதன் அமைப்பு, காட்டுக்கோழியின் இயல்பைக் கூர்ந்து பார்த்தவர்களின் அறிவைக் காட்டுகிறது. காட்டுக்கோழி இருட்டுமுன் மரமேறி அடையும். இருட்டில் அதற்குப் பார்வை மங்கும். நரி, கீரி, மரநாய், பாம்பு ஆகியவை வரும் நேரமும் அதுவே. ஆகவே கூடு என்பது தரைக்கு இறங்கிய மரக்கிளை. அசாமின் மிசிங் மக்கள் கால்நட்டு உயர்த்திக் கட்டும் 'சாங்' வீட்டின் அடியில் கோழிக்கும் பன்றிக்கும் இடம் இருக்கிறது. மூங்கில் மிகுந்த இடங்களில் கவிழ்த்துவைக்கும் பின்னற்கூடை கூடாகிறது. தமிழ்நாட்டுப் பஞ்சாரமும், வடக்கே கூண்டைக் குறிக்கும் 'பிஞ்ரா'வும் வடமொழிப் 'பஞ்சரம்' என்பதன் வழிவந்தவை. எந்த வடிவமாயினும் விதிகள் சில மாறுவதில்லை: எச்சம் கீழே விழும்படி தளம் உயர வேண்டும், காற்று புக வேண்டும், கீரி புகக் கூடாது, அந்திக்குமுன் கதவு அடைபட வேண்டும், விடிந்தபின் திறக்க வேண்டும். அந்தியில் எண்ணி அடைப்பவரும் விடியலில் திறந்துவிடுபவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. முட்டைக் காசும் பெரும்பாலும் அவர்களுடையதே.

கூட்டின் உள்ளே நிகழும் மற்றொன்று இதைவிட முதன்மையானது. பத்துப் பன்னிரண்டு முட்டைகள் சேர்ந்ததும் நாட்டுக்கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு அடையில் அமரும். உடைந்த பானையோ வைக்கோல் பரப்பிய கூடையோ போதும். 21 நாள்களில் குஞ்சு பொரிக்கும். மேயவும் பருந்தைக் கண்டு ஒளியவும் தாயே கற்பிக்கும். விதைநெல்லைக் கையில் வைத்திருக்கும் உழவரைப்போல, அடைக்கோழி உள்ள வீடு அடுத்த தலைமுறைக்கு யாரையும் நாடவேண்டியதில்லை. கோழியற்ற பெண்ணொருத்தி அண்டை வீட்டுப் பெட்டையைப் பங்குக்கு வாங்கி வளர்த்து, பொரித்த குஞ்சுகளில் பாதியைத் தனதாக்கிக்கொள்ளும் முறை இதை நம்பியே நிலைபெற்றது.

இப்பறவை உலகச் சந்தைக்குச் சென்ற கதை தனி. தூய குலத்தது என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற அசில், ஆந்திரம், சத்தீஸ்கர், ஒடிசா நிலங்களின் சண்டைக்கோழி. நவாப் ஆசஃப்-உத்-தௌலாவின் இலக்னோவில் ஆங்கிலேயர் இத்தகைய சண்டைக்குப் பந்தயம் கட்டிய காட்சியை யோஹான் ஸொஃபானி 1780களில் ஓவியமாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், அசிலின் குருதி கலந்து உருவான இனத்துக்கு 'இந்தியன் கேம்' என்று பெயரிட்டனர். அமெரிக்காவில் அப்பெயரிலிருந்து 'இந்தியன்' உதிர்ந்து 'கார்னிஷ்' ஆயிற்று. 1948இல் அங்கே 'நாளைய கோழி' என்ற பெயரில் நடந்த போட்டியில் கார்னிஷ் கலப்பினமே வென்றது. இன்றைய பிராய்லரின் அகன்ற மார்பு அவ்வழி வந்தது. சாம்பல் காட்டுக்கோழியின் மஞ்சள் தோலையும் அசிலின் மார்பையும் சுமந்த அப்பறவை, பின்னர் 'மேம்பட்ட வெளிநாட்டினம்' என்ற பெயரோடு இந்தியாவுக்குத் திரும்பியது. இங்கேயே இருந்த கோழிக்கு அறிவியல் ஏடுகளில் கிடைத்த பெயர் 'நான்-டிஸ்கிரிப்ட்': விவரிக்கத்தக்க அடையாளம் அற்றது.

திருத்தும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றின. ஐக்கிய மாகாணத்தின் ஏட்டாவில் கிறித்தவ மறைப்பணியாளர் வெளிநாட்டுச் சேவல்களைத் தருவித்து, ஒடுக்கப்பட்ட மக்களின் முற்றங்களுக்கு வழங்கினர். இஸத்நகர் கால்நடை ஆய்வு நிறுவனத்தில் 1939இல் கோழியாய்வுப் பிரிவு தொடங்கிற்று. சேவலின் சேர்க்கையற்ற முட்டை குஞ்சாகாது, ஆகவே பால் அருந்துவோர் அதை உண்பதில் தடையில்லை என்று காந்தி எழுதியதும் ஏறத்தாழ இக்காலத்தில்தான். அக்கருத்தின் உட்பொருள் கவனத்துக்குரியது. முட்டை தூய்மை பெறச் சேவல் விலக வேண்டியிருந்தது. சேவல் விலகினால் அடையும் இல்லை. 1970கள் முதல் வளர்ந்த பண்ணைத்தொழில் இதை நடைமுறையாக்கியது. ஆண்டுக்கு 300 முட்டையிடும் லெக்ஹார்ன் வழிக்கோழியிடமிருந்து அடைகாக்கும் குணம் தேர்ந்தெடுத்து நீக்கப்பட்டது. அடையில் அமரும் கோழி முட்டையிடாது என்பதே காரணம். 50 முதல் 80 முட்டைகள் இடும் நாட்டுக்கோழி, இக்கணக்கின்படி குறையுடையதாயிற்று. அது அமர்ந்து பொரிக்கும் நாள்களைப் பதிய அவ்வேட்டில் பத்தி இல்லை.

கணக்கின் இவ்வெற்றிடம் நெருக்கடியில் வெளிப்பட்டது. 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நந்தர்பார் மாவட்டம் நவாப்பூரில், பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, சுற்றியிருந்த ஊர்களின் வீட்டுக் கோழிகளும் சேர்த்து அழிக்கப்பட்டன. நோய் பரவாமல் தடுக்க வேறு வழி இல்லாதிருந்திருக்கலாம். ஆயினும் இழப்பீடு பறவையின் வகையையும் வயதையும் பார்த்துத் தலைக்கு இவ்வளவு என்று வகுக்கப்பட்டது. பண்ணையாளர் அத்தொகையைக் கொண்டு பொரிப்பகத்தில் குஞ்சு வாங்கலாம். அடைக்கோழியை இழந்த வீடு அதே தொகையால் அதைத் திரும்பப் பெறச் சந்தை எதுவும் இல்லை.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, நாட்டின் 85.18 கோடிக் கோழியினப் பறவைகளுள் 31.71 கோடி முற்றத்தில் வளர்பவை என்றும், 2012க்குப் பின் அவை ஏறத்தாழ 46 விழுக்காடு பெருகின என்றும் தெரிவிக்கிறது. முற்றம் அழியவில்லை என்பதற்கு இது சான்று. எந்தக் கோழி பெருகியது என்பது வேறு வினா. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கான நடுவணரசின் முற்றக்கோழித் திட்டத்தில், தாய் அலகு எனப்படும் வளர்ப்பிடத்தில் நான்கு வாரம் பேணிய குஞ்சுகள் வழங்கப்பட்டன. இரவுக்கூடு அமைக்கவும் சிறு தொகை இருந்தது. ஐதராபாத் கோழியின ஆய்வு இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்றவை நாட்டுக்கோழியைவிட மிகுதியாக முட்டையிடுகின்றன. வண்ண இறகால் பருந்தின் கண்ணுக்கும் ஓரளவு தப்புகின்றன. வறிய வீட்டுக்கு இது சிறிய உதவியன்று. ஆனால் இவை அடைகாப்பது அரிது. ஒரு சுற்று முடிந்ததும் கூடு வெறுமையாகி, அடுத்த குஞ்சுக்கு மீண்டும் அலுவலகத்தையோ வணிகரையோ நாடவேண்டும். தாய் என்ற சொல் கோழியை விட்டு ஓர் அலகுக்கு இடம்பெயர்ந்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

தமிழில் 'அடை' என்ற ஒரே வடிவம் கூட்டின் மூன்று வினைகளையும் சுட்டுகிறது. அந்தியில் கோழி வந்து அடைகிறது; வீட்டார் அதை அடைக்கிறார்கள்; பெட்டை அடைகாக்கிறது. முதலாவது பறவையின் இயல்பு, இரண்டாவது மனிதரின் காவல், மூன்றாவது அவ்விரண்டும் நீடிப்பதற்கான உறுதி. திட்டங்கள் தரும் கூட்டில் முதலிரண்டுக்கு மட்டுமே இடம் இருக்கிறது. மூன்றாவதற்கும் இடம் வைப்பது அரிய வேலையன்று. வழங்கும் குஞ்சுகளோடு ஊருக்குச் சில அடைக்கோழிகளைக் காப்பதும், நாட்டுக்கோழியை மதிப்பிடும் ஏட்டில் முட்டை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பொரித்து ஆளாக்கிய குஞ்சுகளின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி சேர்ப்பதும் போதும். சேவலைப் பற்றிக் கல்லில் எழுதிய அரசு முதல் கோழியை அட்டவணையில் எழுதும் அரசு வரை எவரும் கேளாத கணக்கு அது. முற்றத்தில் அந்திதோறும் எண்ணி அடைக்கும் பெண்ணுக்கு அது மனப்பாடம்.