செம்யோன் ஃபூர்மன்

செம்யோன் அப்ரமோவிச் ஃபூர்மன் (1920 டிசம்பர் 1 – 1978 மார்ச் 17) லெனின்கிராத் நகரைச் சேர்ந்த சோவியத் செஸ் கிராண்ட்மாஸ்டர். உலக சாம்பியன் அனத்தோலி கார்ப்போவின் பயிற்சியாளர். இன்றைய பெலாரூஸிலுள்ள பின்ஸ்க் நகரில் பிறந்தார்.

1948இல் மாஸ்கோவில் நடந்த சோவியத் சாம்பியன்ஷிப்பில் புரோன்ஸ்டைன், கோத்தவ் இருவருக்கும் அடுத்து மூன்றாம் இடம் பிடித்தார். பெரிய ஆட்டக்காரராக எழுவார் என்று அப்போது எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் கிராண்ட்மாஸ்டர் பட்டம் 1966இல்தான் வந்தது. வெள்ளைக்காய் எடுத்தால் எவரையும் திணறடிப்பார், கருப்பில் அந்த ஆளே வேறு என்று சக ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. ராணிக்கு முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்கும் ஆட்டங்களில் அவருக்கிருந்த அறிவை எல்லோரும் மதித்தார்கள். தாலிடம் உலகப் பட்டத்தை இழந்திருந்த பொத்வின்னிக், 1961 மறுபோட்டிக்குத் தயாரானபோது பயிற்சி ஆட்டங்களுக்கு அழைத்தது இவரைத்தான்.

1968இல் ராணுவ விளையாட்டுக் கழகத்தின் வழியாகக் கார்ப்போவ் அறிமுகமானார். அப்போது அவருக்கு 17 வயது. அடுத்த ஆண்டே ஸ்டாக்ஹோமில் உலக ஜூனியர் பட்டத்தை வென்றார்; ஸ்பாஸ்கிக்குப் பின் (1955) அதை வென்ற முதல் சோவியத் வீரர் அவர். ஆசிரியருக்கு அருகிலேயே இருப்பதற்காக மாஸ்கோ பல்கலைக்கழகத்தை விட்டு லெனின்கிராத் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

ராஜா சிப்பாயை நகர்த்தித் தொடங்கப் பழகியவர் கார்ப்போவ். அவருடைய இயல்பை மாற்ற முயலாமல், கையிருப்பிலிருந்த தொடக்கங்களைப் பெருக்கியதுதான் ஃபூர்மனின் கெட்டிக்காரத்தனம். 1974இல் உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் சுற்றுகளில், லெனின்கிராத்தில் ஸ்பாஸ்கியுடன் நடந்த அரையிறுதியில் அதன் பலன் தெரிந்தது. ஆறாவது ஆட்டத்தில் கருப்புக்காயுடன் காரோ-கான் தற்காப்பை ஆடி வென்ற கார்ப்போவ், கடைசியான பதினோராவது ஆட்டத்தில் ஆசிரியரின் சொந்தக் களமான ராணி சிப்பாய்த் தொடக்கத்தையே எடுத்து முடித்துவைத்தார். நான்கு வெற்றி, ஒரு தோல்வி, ஆறு டிரா. இறுதிச் சுற்றில் எதிரே அமர்ந்த கோர்ச்னோயும் ஒரு காலத்தில் ஃபூர்மனோடு சேர்ந்து போட்டிகளுக்குத் தயாரானவர். தன்னை விட்டு அவர் கார்ப்போவ் பக்கம் போனதில் கோர்ச்னோய்க்கு மனக்கசப்பு இருந்தது. இறுதிச் சுற்றிலும் கார்ப்போவே வென்றார். 1975இல் அப்போதைய சாம்பியன் ஃபிஷர் ஆட முன்வராததால் உலகப் பட்டம் அவருக்கு வந்தது.

மாணவர் உயர உயர ஆசிரியரின் சொந்த ஆட்டமும் கூர்மையானது என்பது செஸ் உலகில் அபூர்வம். 1973 மாட்ரிட் போட்டியில் கார்ப்போவ் முதலிடம் பெற்றார், ஃபூர்மன் முன்வரிசையில் முடித்தார். 1977இல் மேற்கு ஜெர்மனியின் பாட் லாவ்டர்பெர்கில் கார்ப்போவ் முதலிடம், டிம்மன் இரண்டாமிடம், 56 வயது ஃபூர்மன் மூன்றாமிடம். உடல்நலக் குறைவோடுதான் இந்த ஆண்டுகளில் அவர் ஆடினார்.

1978 மார்ச்சில் லெனின்கிராத்தில் காலமானார். சில மாதங்களில் பிலிப்பைன்ஸின் பாகியோவில் கோர்ச்னோய்க்கு எதிரான பட்டப்போட்டி தொடங்கியது. தயாரிப்புப் பொறுப்பில் இப்போது இகோர் ஜாய்த்செவ் இருந்தார். 32 ஆட்டங்கள் நீண்ட அந்தப் போட்டியில் கார்ப்போவ் 6–5 என்ற வெற்றிக் கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்தார்.