இந்திய மாதர் சங்கம்

இந்திய மாதர் சங்கம் பெண்களின் கல்விக்கும் வாக்குரிமைக்கும் சமூகச் சீர்திருத்தத்துக்கும் பாடுபட 1917 மே 8 அன்று சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட அமைப்பு. அன்னி பெசன்ட் இதன் முதல் தலைவர். அயர்லாந்து, இங்கிலாந்து, பிற ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றின் பெண்ணுரிமை இயக்கங்களோடு உறவு கொண்டு அவற்றின் வழிமுறைகளைக் கற்ற சங்கம், கோரிக்கைகளை வகுக்கும் உரிமையை இந்தியப் பெண்களிடமே வைத்திருக்கப் போராடியது.

தோற்றம்

சங்கத்தை நிறுவியவர்களுள் முதன்மையான மார்கரெட் கசின்ஸ், 1908இல் டப்ளினில் உருவான ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தின் இணை நிறுவனர். வாக்குரிமைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1915இல் இந்தியா வந்த அவர், பிரம்மஞான சபையைச் சேர்ந்த டோரதி ஜினராஜதாசாவுடன் இணைந்து சங்கத்தை வளர்த்தார். 1918இல் தொடங்கிய ‘ஸ்திரீ தர்மா’ இதழ், பிற நாட்டுப் பெண்கள் இயக்கங்களின் செய்திகளை உறுப்பினர்களுக்குக் கொண்டு சேர்த்தது.

வாக்குரிமை

1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு தூதுக்குழு, சென்னைக்கு வந்த, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் எட்வின் மாண்டேகுவைச் சந்தித்தது. கசின்ஸ் முதலில் கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பேசவே நேரம் கேட்டிருந்தார். அரசியல் கோரிக்கைகளோடு வருபவர்களுக்கே அனுமதி என்று பதில் வந்ததால் வாக்குரிமையும் மனுவில் சேர்ந்தது. வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு அக்கோரிக்கையை ஏற்கவில்லை. அன்னி பெசன்ட், சரோஜினி நாயுடு, ஹெராபாய் டாட்டா, அவர் மகள் மிதான் ஆகியோர் 1919இல் லண்டன் சென்று வாதாடினர். முடிவை மாகாணச் சட்டசபைகளிடமே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விட்டது. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. ஆயினும் சொத்துத் தகுதி இருந்ததால் பெரும்பாலான பெண்களுக்கு அது எட்டவில்லை.

வெளிநாட்டு உறவுகள்

மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1926இல் பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் சங்கத்தின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். மாநாடு நடந்த பிரான்சிலேயே பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை, 1944இல்தான் கிடைத்தது. நாடு திரும்பிய முத்துலட்சுமி 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறை ஒழிப்புக்கும் குழந்தை மணத் தடைக்கும் அவர் எடுத்த முயற்சிகளுக்குச் சங்கம் துணை நின்றது.

உறவில் உரசலும் இருந்தது. இந்தியப் பெண்களின் நிலையைச் சாடிய, அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ நூல் 1927இல் எழுப்பிய பரபரப்பைத் தொடர்ந்து, பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எலினோர் ராத்போன் 1929இல் இந்தியப் பெண்களின் நிலை பற்றி லண்டனில் மாநாடு கூட்டினார். இந்தியப் பெண்களுக்காகப் பேசும் உரிமையை பிரிட்டிஷ் பெண்களுக்கு யார் தந்தது என்று இந்தியப் பெண்ணுரிமையாளர் தன்வந்தி ராமராவ் அங்கேயே எதிர்ப்புத் தெரிவித்தார். 1931 ஜனவரியில் லாகூரில் கூடிய அனைத்து ஆசியப் பெண்கள் மாநாடு, ஐரோப்பாவைத் தாண்டி அண்டை நாடுகளை நோக்கியது. அதன் முன்னோடி முயற்சியும் கசின்ஸுடையதே.

பின்விளைவு

சொத்துள்ளவர்களின் மனைவியருக்குத் தனிச் சலுகையாக வாக்கு தரும் திட்டத்தைச் சங்கமும், அகில இந்தியப் பெண்கள் மாநாடும், இந்தியப் பெண்கள் தேசிய மன்றமும் சேர்ந்து எதிர்த்தன. வயதுவந்த அனைவருக்கும் வாக்கு கேட்டன. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் அச்சலுகை முறையையே மேற்கொண்டது. அனைவருக்குமான வாக்குரிமை 1950இல் அரசியல் சாசனத்தின் வழியே நடைமுறைக்கு வந்தது.